உங்களுக்கென்று தந்த விலாங்கு

இன்று பின்னேரம் கொடியில் காயப்போட்ட உடுப்புகளை எடுக்கப் போனபோது உங்கள் மணம் வந்தது. உங்கள் உடம்பு மணத்தைச் சொல்லவில்லை. அது இந்த வீட்டை விட்டு எப்போதோ போய்விட்டது. நானேதான் தோய்த்துத் தோய்த்துப் போக்கினேன். இது அந்த ஆற்றங்கரை மணம். பக்கத்து வீட்டுக்குப் போன மாதம் குடிவந்த மனிதன் தகர டிரம் ஒன்றில் மனுக்கா மரத்தூளைப் போட்டு மீனுக்குப் புகை பிடித்துக்கொண்டு நின்றான். புகை வேலிக்கு மேலால் வந்து மகளின் பள்ளிக்கூடச் சட்டையிலும் என் வேலைச் சட்டையிலும் தலையணை உறையிலும் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் திரும்பத் தோய்க்க வேண்டும். தோய்க்காமல் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டுவிட்டு, மகளின் பழைய கொப்பியில் மிஞ்சியிருந்த தாள்களில் இதை எழுதத் தொடங்கினேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருக்கும். நீங்கள் திருத்தப் போவதில்லை.

முதலில் அந்த வானைப் பற்றி எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை அதை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் மனுரேவா வீட்டு வாசலில் நிறுத்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஹோர்ன் அடித்தீர்கள். குடோனில் உங்களோடு வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவன் வேலையை விட்டுப் போகும்போது உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன காம்பர்வான். வெள்ளை நிறம் பழுத்துப் போய், பக்கத்தில் ஒரு மண்ணிறக் கோடு. உள்ளே இரண்டு வாய் காஸ் அடுப்பு, கோப்பை கழுவ ஒரு சின்னத் தொட்டி, மேசையை மடக்கினால் கட்டில். மகள் ஏறிக் குதித்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு படியில் நின்றேன்.

யாழ்ப்பாணத்தில் நீங்கள் பஸ் ஓட்டின ஆள். இங்கே வந்து குடோனில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டினீர்கள். மதிலுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடுகிற வண்டி. அதனால்தான் அன்றைக்கு உங்கள் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

"இருபது வருசம் பஸ் ஓடினன். ஒரு நாளெண்டாலும் அதுக்குள்ள காலை நீட்டிப் படுத்தனானே? இப்ப வந்து பாரும்."

"கோயில் மண்டபத்திலயும் பள்ளிக்கூடத்திலயும் அகதியாய்ப் பாயில படுத்தது காணாதே உங்களுக்கு? இனி விருப்பத்தோட போய்க் காட்டில படுக்கப் போறியளோ?"

"அது துரத்தினபடியால் படுத்தது. இது ஒருத்தரும் துரத்தாமல் போய்ப் படுக்கிறது. வித்தியாசம் படுத்தால்தான் தெரியும்."

கிளென் ஈடனில் இருந்து உங்கள் அண்ணர் போன் எடுத்தார். எங்களை ஸ்பொன்சர் பண்ணி இந்த நாட்டுக்கு எடுத்தவர், அவர் சொன்னால் நீங்கள் திருப்பிச் சொல்ல மாட்டீர்கள். "ஊர்ச் சனமெல்லாம் வீடு வாங்குது. தம்பி சில்லுப் பூட்டின கொட்டில் வாங்கியிருக்கிறான்" என்றாராம். நீங்கள் சிரித்துக்கொண்டே வந்து எனக்கு அதைச் சொன்னீர்கள். நானும் அவர் பக்கம்தான் சிரித்தேன்.

முதல் தடவை நாங்கள் அங்கே போனது ஓர் ஈஸ்டர் லீவுக்கு. இங்கேயும் பொம்பே என்று ஓர் இடம், அந்தக் குன்றுகளைத் தாண்டித் தெற்கே இரண்டு மணித்தியாலம், அதற்குப் பிறகு கல் ரோட்டு. அரசாங்கத்துக் காடு. ஆறு ஒன்று காட்டுக்குள் இருந்து வந்து வளைகிற இடத்தில் புல்வெளி. கரண்ட் இல்லை, ஒரேயொரு தண்ணீர்க் குழாய், தூரத்தில் பலகையால் அடித்த கிடங்குக் கக்கூஸ். கண்ணுக்குத் தெரியாத சின்ன ஈக்கள் கணுக்காலைக் கடித்து வீங்கப்பண்ணின. வானுக்குள் புட்டு அவித்தேன். கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் ஒரு தட்டில் புட்டும் சம்பலும் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்துக் கரவன் வண்டியில் இருந்த வெள்ளைக்காரச் சோடிக்குக் கொடுத்தீர்கள். அந்த மனுசி சம்பலை ஜாம் என்று நினைத்துப் பாணில் பூசிச் சாப்பிட்டுவிட்டு குழாயடிக்கு ஓடினதை மகள் இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். இப்போதும் என்று எழுதிவிட்டேன். இப்போது அவள் என்னோடு சேர்ந்து சிரிப்பது குறைவு.

மத்தியானம் மழை பிடித்தது. தகரக் கூரையில் அடித்துக் கொட்டியது. நான் சத்தத்துக்குத் திடுக்கிட்டு மகளை இழுத்து மடியில் போட்டேன். நீங்கள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தீர்கள்.

"பயப்படாதையும். வடிவாய்க் கேளும். மழைதான். மழை மட்டும்தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அந்த ஆறு. நான் ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கொண்டுதான் சாமான் கட்டினேன். நான் சந்தோசமாக இருந்தேன் என்று இப்போது எழுதினால் அது பொய். ஈயும் ஈர மணமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உங்கள் குறட்டை அங்கே வேறு மாதிரி இருந்தது. வீட்டில் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நித்திரை கொள்வீர்கள். அங்கே வாயைத் திறந்துகொண்டு.

ஆறு வளைகிற இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பழைய பலகை வீடு. அரசாங்கம் அந்தக் காட்டை எடுக்க முதலே அந்த இடத்தில் இருந்த மாவோரிக் குடும்பம். அந்த வீட்டு மனுசியை எல்லோரும் ஆன்ட்டி என்றார்கள், உங்கள் வயது ஆட்களும்தான். பெரிய உடம்பு, றப்பர் பூட்ஸ், ஆம்பிளைச் சேட்டு. இரண்டாம் தடவை போனபோது நான் மீன் சட்டியையும் ஊத்தை உடுப்புகளையும் கொண்டுபோய் ஆற்றில் சோப்புப் போட்டுத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அவ வாளியோடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னா. கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கவில்லை, பல்லைக் காட்டினேன். நீங்கள் மேலே இருந்து ஓடி வந்து அவவோடு கதைத்தீர்கள். அவ போன பிறகு எனக்குச் சொன்னீர்கள்.

"ஊரில குடிக்கிற கிணத்துக்க சோப்புப் போட்டுத் தோய்ச்சால் என்ன நடக்கும்? கிணத்துக்காரி உலக்கையோட வருவாள். இவ பாவம், வெறும் வாளியோட வந்திருக்கிறா."

"ஓடுற தண்ணிதானே, போயிடும்."

"எங்க போறது? கீழ வளைவில அவையள் விலாங்குக்குப் பொறி வைக்கிறவை. சாப்பாடு எடுக்கிற தண்ணியில மனுசரின்ர உடம்பில இருந்து கழியிற ஒண்டும் சேரக்கூடாதாம். இரத்தம், மயிர், ஊத்தை, ஒண்டும். அவையளுக்கு இது கோயில் கேணி மாதிரி."

அன்றிலிருந்து நான் வாளியில் அள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய்த்தான் தோய்த்தேன். எனக்கு அது தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லித் தந்தீர்கள். நான் கேட்டு நடந்தேன்.

அன்று பின்னேரமே அவ திரும்பி வந்தா. மனுக்காப் புகையில் வாட்டிய விலாங்கு ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தா, நான் குறை நினைத்திருப்பேன் என்று. என்னைப் பார்த்து ஏதோ கேட்டா. நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள். அவ கையை உங்கள் முகத்துக்கு நேரே தூக்கினா. பஸ்ஸை மறிக்கிற மாதிரி.

"உம்மட்டக் கேக்கேல்லை. அவவைக் கேட்டனான்."

இதை நீங்கள்தான் பிறகு தமிழில் எனக்குச் சொன்னீர்கள். ஆனால் அந்தக் கை எனக்கு அப்போதே விளங்கியது. அவ பார்த்துக்கொண்டு நின்றா. அவசரமே இல்லை. நான் என் பெயரைச் சொன்னேன். அவ அதைத் திருப்பிச் சொன்னா, பிழையாக. நான் தலையாட்டினேன், இல்லை என்று. திரும்பவும் சொன்னா. மூன்றாம் தரம் சரியாக வந்தது. இந்த நாட்டில் என் பெயரை என் வாயாலேயே கேட்டு வாங்கிய முதல் ஆள் அவதான்.

வானுக்குள் வந்து நீங்கள் பெருமைப்பட்டீர்கள். "உம்மை அவவுக்குப் பிடிச்சிட்டுது." திரும்பி வரும் வழியில் பால் வாங்க டெயரி என்கிற மூலைக்கடையில் நிறுத்தினபோது கடைக்காரன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். நீங்கள் எனக்கு முன்னால் வந்து நின்றீர்கள். "நீர் நில்லும். நான் கதைக்கிறன்."

இதைத்தான் நான் உங்களிடம் கேட்க வேண்டும். கேட்க முடியாமல் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன். டொக்டரிடம் என் வயிற்று நோவை நீங்கள் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்னைப் பார்த்துக் கதைக்க நீங்கள் பதில் சொன்னீர்கள். பின்னேர வகுப்பொன்று நடக்குது, போய் இங்கிலிசு படிக்கட்டோ என்று ஒருதரம் கேட்டேன். "நான் இருக்கிறன்தானே" என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். அந்த அன்பு என்னை ஊமையாக்கிக் கதிரையில் இருத்திவிட்டுப் போய்விட்டது.

ஒரேயொரு வசனம் சொல்லித் தந்தீர்கள். பகலில் யாராவது போனில் இங்கிலிசில் கதைத்தால் சொல்லிவிட்டு வைப்பதற்கு. ஹஸ்பண்ட் நொட் ஹோம், ரிங் லேட்டர். தேவாரம் பாடமாக்குகிற மாதிரிப் பாடமாக்கினேன். சாமான் விற்கிறவன், வீட்டுச் சொந்தக்காரன், யார் எடுத்தாலும் அதுதான். நான் சொல்வதை நீங்கள் உள்ளே இருந்து கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள், சரியாகச் சொல்லுகிறேன் என்று.

அந்த மாசி மாதத்துக் காலையில் போன் அடித்தபோது நான் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். பெண் குரல். வேகமாக ஏதோ சொன்னது. நான் என் வசனத்தைச் சொல்லிவிட்டு வைத்தேன். திரும்ப அடித்தது. திரும்பச் சொன்னேன். மூன்றாம் தரம் அடிக்கவிட்டுவிட்டு உளுந்தை வழித்தேன். மத்தியானம் தாண்டி உங்கள் அண்ணர் காரில் வந்து இறங்கினார். கதவைத் திறந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். உங்கள் மணிக்கூடு இருந்தது.

வேலை செய்துகொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்களாம். ஆஸ்பத்திரியில் மத்தியானம் வரைக்கும் நினைவோடு இருந்தீர்களாம். என் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்களாம். அது ஒரு ஆளின் பெயர் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவள், அவர் வீட்டில் இல்லை, பிறகு எடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் சொல்லித் தந்த வசனம் அது. உங்களிடமே திருப்பித் தருகிறேன்.

ஊரில் என்றால் அடுத்த நாள் காடாத்தி எலும்பு பொறுக்கி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அஸ்தியைக் கீரிமலைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். கீரிமலையில் அப்போது ஆமிக்காரன். எங்கள் சனம் ஒருவரும் போக முடியாது. இங்கே உங்களை மூடி இறுகின ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் தந்தார்கள், பக்கத்தில் பெயர் ஒட்டி. அதைச் சாமிப்படத் தட்டுக்குக் கீழே வைத்திருந்தேன். அந்த முப்பது நாளும் யார் என்ன சொன்னாலும் தலையாட்டினேன். எந்தச் சேலை, எத்தனை பேருக்குச் சாப்பாடு, எந்த ஐயர், எல்லாம் அண்ணர்தான்.

"பிள்ளை, கடல் ரெண்டு பக்கமும் கிடக்கு. ஆக்கள் குறைஞ்ச கரையாய்ப் பார்த்து விட்டிடுவம்."

"ஆத்தில விடுவம், அத்தான்."

"எந்த ஆறு?"

"அவரின்ர ஆறு."

அவர் சாமிப்படத் தட்டுக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தார். "கடல் வாசலில கிடக்க, காட்டுக்க கொண்டுபோறதோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "சரி பிள்ளை, உம்மட விருப்பம்" என்றார். இந்த நாட்டுக்கு வந்து நானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். அதுவே பிழைத்தது.

ஆன்ட்டி சொன்னது எனக்கு நினைவு வந்தது. மறைக்க மாட்டேன். உடம்பில் இருந்து கழிகிற ஒன்றும் சேரக்கூடாது. ஆனால் எங்களுக்கு அஸ்தி கழிவு அல்ல. அது போய்ச் சேர்ந்தால் தண்ணீருக்குப் புண்ணியம் என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். உங்களை நான் எப்படி ஊத்தை என்று நினைப்பேன்? முதலில் அந்த மனுசியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் நினைத்தேன். யார் கேட்பது? நீங்கள்தானே எப்போதும் கேட்டீர்கள்.

உங்கள் வானிலேயே போனோம். அண்ணர் ஓட்டினார், கியர் விழவில்லை என்று ஏசிக்கொண்டு. ஒரு மாதமாக அடைத்துக் கிடந்ததில் உள்ளே உங்கள் தொப்பி, டோர்ச், பாதிச் சம்பல் போத்தல் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பெட்டியை மகள் மடியில் வைத்திருந்தாள். பதின்மூன்று வயது அப்போது அவளுக்கு. வளைவுகளில் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

வேலை நாள், புல்வெளியில் ஒருவரும் இல்லை. வெயில் காலம் முடிகிற நேரம், ஆறு வற்றிக் கல் தெரிந்தது. ஐயர் அவ்வளவு தூரம் வரவில்லை. செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணர் காற்சட்டையைக் கழற்றி வேட்டியோடு கரையில் இருந்து அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். எள்ளும் தர்ப்பையும் வைத்தார், தேங்காய் உடைத்தார், தண்ணீரில் பூத் தூவினார். கற்பூரம் காற்றுக்கு நிற்கவில்லை. பெட்டியின் மூடி திறக்கவில்லை. வானுக்குள் போய்த் தகரப்பேணி வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து நெம்பினார். கத்தி இரண்டு தரம் வழுக்கியது. அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் நீங்கள் ஒரே தம்பி.

ஊற்றினார். பாரமானது கல்லுகளுக்கு இடையில் வெள்ளை மணல் மாதிரி இறங்கியது. இலேசானது பால் மாதிரி விரிந்தது. தண்ணீர் கொண்டு ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. மெல்ல மெல்லக் கரையோரமாக வளைவுப் பக்கம் போனது. அந்த வளைவில் சேற்றில் ஒரு கம்பு குத்தி, அதில் கயிறு கட்டியிருந்தது. பொறிக் கயிறு. நீங்கள்தான் எனக்கு அதைக் காட்டித் தந்தீர்கள்.

அப்போதுதான் அவ வந்தா. வீட்டில் இருந்து வானைக் கண்டிருக்கிறா. உங்கள் வான். ஒரு கையில் வாளி, மற்றக் கையில் பேப்பர் பொட்டலம், தூரத்திலேயே சிரிப்பு. கிட்ட வந்து பூவையும் தேங்காயையும் கண்டு சிரிப்பைக் குறைத்தா. அண்ணர் எழும்பி முன்னால் போனார். வரும்போதே வானுக்குள் சொன்னவர்தான், இது சட்டமோ பிழையோ தெரியாது, ஆரும் கேட்டால் பூசை எண்டு சொல்லுவம் என்று. அதையே சொன்னார். பூசை, பூ மட்டும்தான் என்று.

அவ தண்ணீரைப் பார்த்தா. பூக்கள் மிதந்தன. பிறகு அவரைத் தாண்டி என்னைப் பார்த்தா. என் பெயரைச் சொல்லி, சரியாகச் சொல்லி, கேட்டா: "உம்மட ஹஸ்பண்ட் எங்க?"

எனக்கு முழுதாக விளங்கியது. இங்கிலிசில்தான் கேட்டா, ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"வேலையில" என்றார் அண்ணர்.

அவ கையைத் தூக்கினா. அதே கை. அவரை மறித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா. அன்றைக்கு என் பெயருக்கு நின்ற மாதிரியே.

மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "டெல் ஹேர், அம்மா. அவவுக்குச் சொல்லுங்கோ."

"வாயை மூடு" என்றேன்.

அண்ணர் எனக்குப் பின்னால் நின்றார். எங்களை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டவர். உண்மையைச் சொன்னால் அவரை அந்த மனுசிக்கு முன்னால் பொய்க்காரன் ஆக்க வேண்டும். நான் ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை. வாயைத் திறந்தேன். எந்தச் சொல் வரும் என்று எனக்கே தெரியாது. வந்தது நீங்கள் சொல்லித் தந்ததுதான்.

"ஹஸ்பண்ட் நொட் ஹோம்."

அவவுக்கு அது புதினமாக இருந்திருக்கும். காட்டில் நின்றுகொண்டு வீட்டில் இல்லை என்கிறாள். ஆனாலும் தலையாட்டினா. பொட்டலத்தை என் கையில் தந்தா. இது அவருக்கு, ஈஸ்டருக்கு வரச் சொல்லும், பொறியில் நல்லாய் விழுகுது என்றாவாம், அண்ணர் பிறகு சொன்னது. பிறகு வளைவுக்கு நடந்துபோய், றப்பர் பூட்ஸோடு முழங்கால் மட்டும் தண்ணீரில் இறங்கி, கயிற்றைப் பிடித்துப் பொறியை இழுத்தா. தண்ணீர் அந்த இடத்தில் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அவ கையை உள்ளே விட்டுத் துழாவினா.

"ஏறுங்கோ வானில" என்றார் அண்ணர்.

ஏறினேன்.

என்னிடம் அப்போது சொல் இல்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். மூன்று சொல் போதும். ஹஸ்பண்ட். டெட். வாட்டர். மூன்றும் எனக்குத் தெரியும். முதலாவதை நீங்களே சொல்லித் தந்தீர்கள். இரண்டாவதை ஆஸ்பத்திரியில் தந்த தாளைக் காட்டி அண்ணர் படித்துச் சொன்னார். மூன்றாவது இந்த நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவ அந்தத் தண்ணீரில் இருந்து கையை எடுத்திருப்பா.

வழியில் அண்ணர் சொன்னார், "அந்தியேட்டி நாளில மீனோ பிள்ளை, வெளிய எறியும்." நான் எறியவில்லை. மடியில் வைத்திருந்தேன். பேப்பர் ஊறி எண்ணெய் என் சேலையில் இறங்கியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. வீட்டுக்கு வந்து குப்பை வாளியைத் திறந்தபோது மகள் பொட்டலத்தை என் கையில் இருந்து பிடுங்கினாள். ஒரு தட்டில் விரித்து, உங்கள் படத்துக்கு முன்னால், மரக்கறிப் படையலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இட்ஸ் ஹிஸ்" என்றாள், இது அப்பாவுடையது என்று. அன்றிலிருந்து அவள் என்னோடு இங்கிலிசில்தான் கதைக்கிறாள். கோயிலில் காணும் பெண்கள், இங்கத்தைப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான், கவலைப்படாதேங்கோ என்கிறார்கள். நானும் ஓம் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் காரணம் தெரியும். நீங்கள் எனக்குச் செய்ததை நான் அவளுக்கு அந்த ஆற்றங்கரையில் ஒரே சொல்லில் செய்தேன்.

வானை அண்ணர் யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வாசலில் அது நின்ற இடத்தில் எண்ணெய் ஒழுகின வட்டம் மட்டும் இருக்கிறது.

நான் இப்போது கோழி பொதி பண்ணுகிற இடத்தில் வேலை செய்கிறேன். வெள்ளைத் தொப்பி, வெள்ளைப் பூட்ஸ், நாள் முழுக்கத் தண்ணீரும் ஐஸும். பக்கத்தில் நிற்கிற சமோவாப் பெண்ணோடு கதைக்கக் கதைக்க இங்கிலிசு கொஞ்சம் வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் வந்திராது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

மூன்று ஈஸ்டர் போய்விட்டது. அவ ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ரோட்டைப் பார்த்திருப்பா என்று நினைக்கிறேன். அன்றைக்குப் பொறியில் விழுந்ததை வாட்டியிருப்பா, சாப்பிட்டிருப்பா. உங்களுக்கென்று ஒன்றைப் பேப்பரில் சுற்றி எடுத்தும் வைத்திருப்பா. இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

மகள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடி சொன்னாள், தமிழில்: "நான் உங்களை ஆத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். ஆனால் நான் கதைக்க மாட்டன். நீங்கள்தான் கதைக்கோணும்." பார்ப்பம் என்றேன். மழை என்றேன், விரதம் என்றேன், ஓவர்டைம் என்றேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இன்று பின்னேரம் நான் உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, டிரம்மைத் திறந்த பக்கத்து வீட்டு மனிதன் என்னைக் கண்டுவிட்டு, வாட்டிய மீன் ஒன்றைத் தட்டில் போட்டு வேலிக்கு மேலால் நீட்டினான். உடுப்பெல்லாம் புகை பிடித்துவிட்டதே என்று அவனுக்கு வெட்கம். உம்மட ஹஸ்பண்ட் மீன் சாப்பிடுவாரோ என்று கேட்டான்.

"ஹஸ்பண்ட் டெட்" என்றேன்.

அவ்வளவு லேசாக வந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். ஸொரி என்றான். இன்னொரு மீனை எடுத்துத் தட்டில் வைத்தான்.

மீன் இப்போது மேசையில் ஆறிக்கொண்டிருக்கிறது. மகள் வந்ததும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். மூன்று வருசமாக வைத்திருந்த சொற்களில் இரண்டை, அவற்றுக்கு உரித்தில்லாத ஒருத்தனிடம், வேலிக்கு மேலால் கொடுத்துவிட்டேன். மூன்றாவதை, வாட்டர் என்பதை, அவனிடம் சொல்லவில்லை. அது அந்த ஆற்றங்கரை மனுசியுடையது. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.